வாரியமும் மைத்துனரும்

உத்திரமேரூர் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பத்தி, தேர்தல் வந்தால் தொலைக்காட்சியில் இரண்டு நிமிடம், மேடைகளில் "அன்றே ஜனநாயகம் கண்ட ஊர்" என்று ஒரு வரி. ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கும் பெருமைதான். ஆனால் 30 ஆண்டுக்கு மேல் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கண்ணோடு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒரு பொதுச் சொத்துக்குப் பங்காளிகளாக இருப்பவர்கள், தங்கள் சார்பில் அதை நிர்வகிக்க யாரை உட்கார வைக்கலாம், யாரை வைக்கவே கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த விதி அது. இன்றைய பாஷையில் சொன்னால், ஒரு கம்பெனியின் டைரக்டர் போர்டு விதிமுறை.

சொல்லே அதற்குச் சாட்சி. ஆங்கிலத்தில் போர்டு என்றால் பலகை. அந்தப் பலகை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் அதைத் தமிழாக்கும்போது எடுத்துக்கொண்ட சொல் "வாரியம்". மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம், குடிநீர் வாரியம் என்று தினமும் சொல்கிறோமே, எங்கள் ஊர்ச் சுவரில் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல், உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபை ஒரு தீர்மானம் போட்டது. இரண்டே ஆண்டில், 921இல், அதைத் திருத்தி இன்னும் விரிவாக ஒன்று போட்டார்கள். முதல் தீர்மானத்தில் வயது 30 முதல் 60 வரை. திருத்தத்தில் 35 முதல் 70 வரை. விதி போட்ட உடனேயே அதில் ஓட்டை தேடுகிறவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இல்லாவிட்டால் கல்தச்சனுக்கு மறுபடியும் கூலி கொடுத்து இவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டிய அவசியம் என்ன?

வாரியத்துக்குப் பெயர் எழுத வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கருக்கு மேல். தன் மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் படித்தவனாக இருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் எடுத்துச் சொல்ல வல்லவனானால் அரைக்கால் வேலி போதும் என்று கல்விக்கு ஒரு சலுகை. ஊரில் 30 குடும்பு. இன்றைக்கு வார்டு என்கிறோமே, அதுபோல. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் இட வேண்டும். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க, நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னது என்று அறியாத ஒரு சிறுபிள்ளை ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையை மூடி வாங்கினால் ஓலை மாறிவிடும் என்று பயம்! பிறகு அவன் வாசித்த பெயரை அங்கே இருந்த நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

இப்படி 30 பேர். அதில் வயதிலும் கல்வியிலும் மூத்தவர்கள், ஏற்கனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்கள், 12 பேர் சம்வத்சர வாரியம். 12 பேர் தோட்டம். 6 பேர் ஏரி. பதவிக் காலம் 360 நாள். நடுவில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். மூன்று ஆண்டுக்குள் எந்த வாரியத்திலாவது இருந்தவன் பெயரை எழுதக் கூடாது.

எனக்குப் பிடித்த பகுதி கணக்கு. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன், தாயுடன் பிறந்த மாமன், தந்தையுடன் பிறந்தவர், தன் அண்ணன் தம்பி, பெண் கொடுத்த மாமனார், மனைவியுடன் பிறந்த மைத்துனன், அக்கா தங்கை கணவன், அவர்கள் பிள்ளைகள், மருமகன், அப்பன், மகன் இத்தனை பேரின் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது. ஊர்க் கணக்கனுக்கும் இதே கண்டிப்பு. தன் கணக்கைத் தானே பெரியவர்களிடம் ஒப்புவித்து, சுத்தன் என்று பெயர் வாங்கிய பிறகுதான் மறுபடி கணக்கெழுத வரலாம்; அவனுக்காக வேறொரு கணக்கன் வந்து கணக்கை முடித்துவைக்கக் கூடாது.

இதை ஜனநாயகம் என்று சொல்லிக் கைதட்டுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நிலம் வைத்திருந்த பிராமண ஆண்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. பெண்கள் இல்லை. வைரமேகத் தடாகத்தில், அதாவது நம் பெரிய ஏரியில், தூர் வாரியவர்களும் கரை கட்டியவர்களும் இல்லை. நிலம் இருந்தால் குரல், இல்லாவிட்டால் இல்லை. பங்கு இருந்தால் ஓட்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற கம்பெனி முறைக்குத்தான் இது கிட்டத்தில் வருகிறது. அதனால்தான் இதைப் பாராளுமன்றத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு டைரக்டர் போர்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பிட வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் ஊர்ப் பையன்கள் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்களே, அந்த ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் போதும். ஒரே மாவட்டத்தில் மூன்று தேசத்துப் போர்டுகள் கிளை திறந்தன.

ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி செய்கிற டைம்லர், 2012இல் ஆலையைத் திறந்தது. ஜெர்மானியக் கம்பெனி. அங்கே பெரிய கம்பெனிகளுக்கு இரண்டு போர்டு. ஒன்று தினசரி வேலையை நடத்துவது. இன்னொன்று அதைக் கண்காணிப்பது. ஒருவரே இரண்டிலும் உட்கார முடியாது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை செய்கிற கம்பெனியின் கண்காணிப்புக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. ஓட்டு சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு. அவர் பங்குதாரர் பக்கத்து ஆள். ஆகவே முதலாளி கை கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கும். இருந்தாலும் தொழிலாளி மேஜையில் இருக்கிறான். எங்கள் ஊர்ச் சபையில் இல்லாதது அது.

பக்கத்திலேயே ரெனோ-நிசான் ஆலை, 2010இல் வந்தது. நிசான் ஜப்பானியக் கம்பெனி. ஜப்பானில் நெடுங்காலம் போர்டு என்றால் அதே கம்பெனியில் சேர்ந்து முடி நரைத்தவர்களுக்குக் கடைசியில் கிடைக்கும் பதவி உயர்வு. வெளியாள் அபூர்வம். நிசானின் தலைவராக இருந்த கார்லோஸ் கோன் 2018 நவம்பரில் டோக்கியோவில் கைது செய்யப்பட்டபோதுதான் ஒரு விஷயம் ஊருக்குத் தெரிந்தது. டைரக்டர்கள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்கிற அதிகாரத்தைப் போர்டு அவர் ஒருவர் கையிலேயே கொடுத்து வைத்திருந்தது. அவருடைய சம்பளமும் அதில் அடக்கம். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார், பிறகு லெபனானுக்குத் தப்பிப் போனார். அது தனிக் கதை. 2019 ஜூனில்தான் நிசானில் நியமனத்துக்கு ஒன்று, ஊதியத்துக்கு ஒன்று, தணிக்கைக்கு ஒன்று என்று மூன்று குழு அமைத்தார்கள். 921இல் எங்கள் ஊரில் ஏரிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று, பொன்னுக்கு ஒன்று.

மூன்றாவது, 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிற ஹூண்டாய். தாத்தா தொடங்கியது, மகனுக்கு வந்தது, 2020இல் பேரன் தலைவர். ஒரு கம்பெனி இன்னொன்றில் பங்கு, அது மூன்றாவதில், மூன்றாவது திரும்ப முதலாவதில் என்று சுற்றி வருகிற ஏற்பாடு. கொஞ்சம் பங்கை வைத்துக்கொண்டு குடும்பம் முழுக் குழுமத்தையும் ஆள்கிறது. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு கொரிய அரசு வெளி டைரக்டர்களைக் கட்டாயமாக்கியது. அப்படியும் இரண்டாம் தலைமுறைத் தலைவருக்குக் கம்பெனிப் பணத்தைக் கையாடியதற்காக 2007இல் தண்டனை விதித்தார்கள். 2008இல் மன்னிப்பும் கொடுத்தார்கள். பணக்கார தேசம் என்பதால் குடும்பம் குடும்பமாக இல்லாமல் போய்விடுவதில்லை.

நாம் யாரைப் பார்த்து எழுதினோம்? இங்கிலாந்தைப் பார்த்து. அங்கே 1991இல் கேட்பரி என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். குழு வேலை செய்துகொண்டிருக்கும்போதே பத்திரிகை முதலாளி ராபர்ட் மாக்ஸ்வெல் தன் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். அவருடைய தொழிலாளர்களின் பென்ஷன் நிதியில் 40 கோடி பவுண்டுக்கு மேல் காணோம் என்று அப்புறம் தெரிந்தது. பென்ஷன் வாங்குகிற நமக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும். 1992இல் வந்த கேட்பரி அறிக்கை, ஒரே ஆள் கையில் எல்லா அதிகாரமும் இருக்கக் கூடாது, நிர்வாகத்தில் சேராத வெளி டைரக்டர்கள் வேண்டும், தணிக்கைக் குழு வேண்டும் என்றது. நம் செபி 2000இல் கொண்டுவந்த 49ஆம் ஷரத்து பெரும்பாலும் அதே வழி. பிறகு 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியில் மூன்றில் ஒரு பங்காவது சுயேச்சை டைரக்டர்கள் வேண்டும் என்றது.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய கம்பெனிகளின் பங்கு பெரும்பாலும் லட்சக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கும். முதலாளி என்று ஒருவர் இருக்க மாட்டார். சம்பளத்துக்கு வந்த மேனேஜர் முதலாளியாகிவிடாமல் தடுப்பதுதான் அங்கே பிரச்சினை. அதற்கு வெளி டைரக்டர் சரியான மருந்து. நம் ஊரில் நிறுவனர் குடும்பம் 75 சதவீதம் வரைகூடப் பங்கு வைத்துக்கொள்ளலாம். சுயேச்சை டைரக்டரைத் தேர்ந்தெடுப்பது பங்குதாரர் ஓட்டு. ஓட்டு யார் கையில்? குடும்பத்தின் கையில். தன்னைக் கண்காணிக்க வேண்டிய ஆளைத் தானே பார்த்துப் பொறுக்கி எடுக்கிறான். 2022 முதல் அந்த நியமனத்துக்கு நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும் என்று இறுக்கியிருக்கிறார்கள். 70 சதவீதம் கையில் இருப்பவனுக்கு மீதி ஐந்து கிடைக்காதா? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் செய்தது இன்னும் எளிது. தகுதியுள்ளவர் எல்லோர் பெயரையும் எழுது, குடத்தில் போடு, விவரம் தெரியாத பிள்ளை எடுக்கட்டும். பொறுக்குகிற வேலையையே ஒழித்துவிட்டார்கள்.

சத்யம் கதை நினைவிருக்கும். 2008 டிசம்பர் 16ஆம் தேதி, மேடாஸ் என்ற இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலர் கொடுத்து வாங்க சத்யம் போர்டு ஒப்புதல் தந்தது. அந்தக் கம்பெனிகள் தலைவர் ராமலிங்க ராஜுவின் மகன்கள் நடத்தியவை. ஆங்கிலத்தில் சத்யம் என்ற பெயரைத் திருப்பிப் படித்தால் மேடாஸ், மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர் இருந்தார், பெரிய மேலாண்மைக் கல்லூரியின் டீன் இருந்தார். பங்குதாரர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7ஆம் தேதி ராஜுவே கடிதம் எழுதினார்: கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அதற்குச் சில மாதம் முன்புதான் நல்ல நிர்வாகத்துக்கென்று அந்தக் கம்பெனிக்குத் தங்க மயில் விருது கொடுத்திருந்தார்கள்!

இது நம் நாட்டு வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2001இல் கவிழ்ந்த என்ரானின் தணிக்கைக் குழுத் தலைவர் ஸ்டான்போர்டில் கணக்கியல் பேராசிரியராக இருந்தவர். இரட்டைப் போர்டு வைத்த ஜெர்மனியில் 2020இல் வயர்கார்டு என்ற கம்பெனியின் வங்கிக் கணக்கில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ காற்றில் கலந்தது. படிப்பு வேண்டும்தான், எங்கள் சபையும் கேட்டது. ஆனால் நான்கு வேதம் படித்தவனானாலும் கணக்குக் காட்டாவிட்டால் வெளியே.

அந்த விஷயத்தில் நம் புதுச் சட்டம் சுவருக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது. மூன்று ஆண்டு தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர் ஐந்து ஆண்டு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக நியமனம் பெற முடியாது. 2017இல் இந்த விதியைக் கையில் எடுத்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்களைத் தகுதி நீக்கம் செய்தார்கள். சுயேச்சை டைரக்டர் ஐந்து ஐந்தாக இரண்டு தவணை முடித்தால் மூன்று ஆண்டு விலகி இருக்க வேண்டும். அந்த மூன்றும் சுவரில் உள்ள மூன்றும் ஒன்று. என்ன, அங்கே 360 நாள் இருந்துவிட்டு மூன்று ஆண்டு ஓய்வு. இங்கே பத்து ஆண்டு இருந்துவிட்டு.

உறவு விஷயத்துக்கு வருவோம். 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் உறவினர் என்று ஒரு நீண்ட பட்டியல், 22 உறவு. தாத்தா, பேரன் எல்லாம் உண்டு. 2014இல் அதை வெட்டிக் குறைத்தார்கள். இன்று கூட்டுக் குடும்பத்தாரும் கணவன் மனைவியும் போக, தாய், தந்தை, மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அவ்வளவுதான். மாமனார் இல்லை. தாய்மாமன் இல்லை. மைத்துனன் இல்லை. சந்தையில் உள்ள கம்பெனிகளின் நிறுவனர் விஷயத்தில் செபி மனைவி வீட்டாரையும் சேர்த்துப் பார்க்கிறது. அதிலும் தாய்மாமன் கிடையாது. தமிழ்நாட்டில் தாய்மாமன் உறவில்லை என்று எந்தக் கல்யாண வீட்டிலாவது போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நான் தணிக்கைக்குப் போன ஒரு சங்கத்தில் (எந்த ஊர், எந்தத் தொழில் என்று சொல்லப் போவதில்லை) சரக்கு முழுவதும் ஒரே கடையில், சந்தை விலைக்கு மேல் வாங்கியிருந்தார்கள். கடை தலைவரின் மைத்துனருடையது. தீர்மானப் புத்தகத்தில் எல்லா உறுப்பினரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான்கு மாதக் கூட்டமும் ஒரே பேனா, ஒரே மை. தணிக்கைக் குறிப்பு எழுதினேன். "மேற்படி நபர் தனிக் குடும்பம், தனி வியாபாரம்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தச் சங்கத்தில் பங்கு போட்டிருந்தவர்களில் பாதிப் பேர் கூலிக்காரர்கள். பிறகு எத்தனையோ தனியார் நிதி நிறுவனங்களில் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு நம் பக்கத்து ஆசிரியர்களும் சிப்பந்திகளும் பணிக்கொடைப் பணத்தைப் போட்டுவிட்டு நின்றபோதும், டைரக்டர்கள் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறேன். கணவர், மனைவி, மனைவியின் தம்பி.

பெண் டைரக்டர் ஒருவராவது வேண்டும் என்று சட்டம் வந்தபோதும் இதுதான் நடந்தது. பல கம்பெனிகள் முதலாளியின் மனைவியையோ மகளையோ உட்கார வைத்துக் கணக்கை முடித்தன. 2017இல் கோடக் குழு, தலைவர் பதவியையும் நிர்வாக இயக்குநர் பதவியையும் பிரிக்கச் சொன்னது. அந்த இரண்டு பேரும் உறவினராக இருக்கக் கூடாது என்றும் விதி எழுதினார்கள். 2020 ஏப்ரலில் அமலாக வேண்டும். 2022க்குத் தள்ளினார்கள். 2022 பிப்ரவரியில் கட்டாயமில்லை, விரும்பினால் செய்யலாம் என்று செபி சொல்லிவிட்டது. சோழன் காலத்துச் சபை இரண்டு ஆண்டில் விதியை இறுக்கியது. நாம் இரண்டு ஆண்டில் தளர்த்தினோம்.

இதனால் கம்பெனியிலிருந்து ஆண்டறிக்கை வந்தால் முன்பக்கத்துப் படங்களைத் தாண்டிவிடுகிறேன். டைரக்டர்கள் யார் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள் என்று ஒரு அட்டவணை இருக்கும், அதுதான் முதலில். அடுத்து, சுயேச்சை டைரக்டர் எந்த ஆண்டு சேர்ந்தார். மூன்றாவது, தொடர்புடைய தரப்பினருடன் நடந்த வரவு செலவு என்று பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். பாதிக் கூட்டத்துக்கு வராதவரை மறுபடி நியமிக்க ஓட்டுக் கேட்டு மின்னஞ்சல் வந்தால், பேரனைக் கூப்பிட்டு "வேண்டாம்" என்ற பொத்தானை அழுத்தச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது 40 பங்கு. இரண்டு நாளில் முடிவு வரும், 98 சதவீதம் ஆதரவு என்று.